நம்பி வேலை பார்க்க ஓர் இயங்குதளம்

லேப்டாப் சரிபார்க்கும் எந்தக் கடையில் நின்றாலும் இந்தக் கேள்வி காதில் விழும்: “சார், டென் போடவா, லெவன் போடவா? ரெண்டும் ஒரே ரேட்டுதான்.” வந்தவர் சற்று யோசித்துவிட்டு, “எது நல்லா ஓடுமோ அதையே போடுங்க தம்பி” என்பார். அடுத்த சில ஆண்டுகளுக்கான ஒரு முடிவு அந்த மேசையிலேயே முடிந்துவிடும். வங்கிக் கணக்கின் கடவுச்சொல், பிள்ளைகளின் படங்கள், வருமான வரிப் பத்திரங்கள், பாதி எழுதிய ஆய்வேடு எல்லாம் அந்த முடிவை நம்பித்தான் இருக்கப்போகின்றன.

நன்றாக ஓடுவது என்றால் வேகமாக ஓடுவது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். வேகம் தேவைதான். ஆனால் புதிதாகப் போட்ட எந்த இயங்குதளமும் முதல் மாதம் வேகமாகத்தான் இருக்கும். நம்பகம் தெரிய நாளாகும். அதை நான் மூன்று கேள்விகளால் அளக்கிறேன். உங்கள் வேலைக்கு வேண்டிய மென்பொருள்கள் அதில் மல்லுக்கட்டு இல்லாமல் ஓடுகின்றனவா? இன்னும் எத்தனை ஆண்டுகளுக்கு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்? ஒரு திருத்தமே கணினியைக் கெடுத்துவிட்டால், நேற்றிருந்த நிலைக்குத் திரும்ப வழி இருக்கிறதா? விண்டோஸ் உயர்ந்ததா லினக்ஸ் உயர்ந்ததா என்ற பட்டிமன்றத்தில் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காது. ஒரே இயங்குதளம் ஒரு வீட்டில் அண்ணனுக்குச் சரியாகவும் தங்கைக்குத் தவறாகவும் இருக்கலாம்.

வேலையிலிருந்து தொடங்குங்கள்

ஒரு மாதத்தில் நீங்கள் திறக்கும் மென்பொருள்களை ஒரு தாளில் எழுதுங்கள். உலாவி, மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஜூம், யூடியூப், கடிதம் எழுத ஒரு செயலி ஆகியவற்றோடு பட்டியல் முடிந்துவிட்டால் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு. எந்த இயங்குதளத்திலும் இவை ஓடும். அதற்கு மேல் எழுதும் ஒவ்வொரு பெயரும் உங்கள் தேர்வைச் சுருக்கும்.

டேலி பிரைம் விண்டோஸுக்காக எழுதப்பட்டது. வணிகக் கணக்கு எழுதுபவர் அங்கேயே நிற்பது நல்லது. ஜிஎஸ்டி, வருமான வரித் தாக்கலுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்களுக்கும் இதையே சொல்வேன். டோக்கனுக்கான டிரைவரை மற்ற இயங்குதளங்களிலும் நிறுவிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முயன்றால் முடியவும் கூடும். ஆனால் தாக்கல் செய்யக் கடைசி நாள் இரவில் அது அடம்பிடித்தால், உதவிக்குக் கூப்பிட அக்கம்பக்கத்தில் ஆள் கிடைக்காது. ஆட்டோகேடும் ஃபோட்டோஷாப்பும் விண்டோஸிலும் மேக்கிலும் உண்டு, லினக்ஸில் இல்லை. சில பல்கலைக்கழகங்கள் இணையத் தேர்வுக்குப் பயன்படுத்தும் சேஃப் எக்ஸாம் பிரவுசரும் அப்படித்தான்: விண்டோஸ், மேக், ஐபேட் மூன்றுக்கும் இருக்கிறது, லினக்ஸுக்கு இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும் பிள்ளைகள் லேப்டாப் வாங்குமுன் கல்லூரியிடம் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

லினக்ஸில் வைன் என்ற கருவி உண்டு. விண்டோஸ் மென்பொருள் பலவற்றை அது ஓட்டிக்காட்டும். விளையாட்டுக்கும், எப்போதோ ஒரு முறை திறக்கும் பழைய செயலிக்கும் அது போதும். அன்றாடச் சோறு எந்த மென்பொருளில் வருகிறதோ, அதை வைனை நம்பி வைக்காதீர்கள்.

தமிழில் எழுதுபவர்களுக்குத் தனிக் கவலை ஒன்று இருந்தது. இன்று அது பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-இலும் மேக்கிலும் உள்ளேயே வருகிறது. ஆங்கில ஒலியை வைத்துத் தட்டுபவர்களுக்கு அஞ்சல் முறையும் இரண்டிலும் உண்டு. லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99 கிடைக்கும். சிக்கல் பழைய கோப்புகளில்தான். பாமினி போன்ற எழுத்துருக் குறியேற்றங்களில் தட்டிவைத்த ஆவணங்கள் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இயங்குதளம் மாற்றுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டும் அச்சகத்தாருக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளின் கடைசிப் பெரும் பதிப்பு 2001-இல் வந்தது. அதற்குப் பிறகு புதிது இல்லை. அதில் கிடக்கும் நூல்களைப் பெயர்த்தெடுக்கும் வேலையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போடக் கடினமாகும்.

எத்தனை ஆண்டு ஆயுள்

ஒவ்வோர் இயங்குதளப் பதிப்புக்கும் முடிவுத் தேதி ஒன்று உண்டு. அதற்குப் பிறகும் கணினி ஓடும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாமலே இருக்கும். அதனால் என்ன நேரும் என்பதை 2017 காட்டியது. அந்த ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு பெரிய ஓட்டைக்கான திருத்தத்தை வெளியிட்டது. மே 12-ஆம் தேதி வானாக்ரை என்ற பிணைப் பணத் தீநிரல் அதே ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டன் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இடையில் இரண்டு மாத அவகாசம் இருந்தும், அந்தத் திருத்தத்தைப் போட்டுக்கொள்ளாத கணினிகளே சிக்கின.

விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் அதற்குக் கட்டணம் இல்லை. அதைப் பெற்றவர்கள் மாற்று ஏற்பாட்டுக்குக் கிடைத்த தவணையாக அதைக் கொள்ள வேண்டும். கடைக்காரத் தம்பியின் கேள்விக்கு இதுவே பதில்: டென் வேண்டாம்.

லெவன் எல்லாக் கணினியிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட், 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம் ஆகியவற்றை அது கேட்கிறது. 4 ஜிபி என்பது காகிதக் கணக்கு. 8 ஜிபி இல்லாமல் அதில் நிம்மதியாக வேலை நடக்காது. இவற்றைவிட முக்கியமானது செயலி. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, ஏறக்குறைய இவற்றிலிருந்துதான் ஏற்கப்படும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் அலுவலகங்கள் கழித்துப்போட்ட திங்க்பேட்கள் வரிசையாக விற்பனைக்கு இருக்கும். அவற்றில் டி470, டி480 இரண்டும் பார்வைக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். டி470-இல் இருப்பது ஆறாம், ஏழாம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 பட்டியலில் அதற்கு இடமில்லை. டி480-இல் எட்டாம் தலைமுறை கிடைக்கும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது செயலியின் எண்ணைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் 8 தான் தலைமுறை.

“லெவன் ஏறாதுன்னு யார் சொன்னது? பைபாஸ் பண்ணிப் போட்டுத் தர்றோம்” என்று கடையில் சொல்வார்கள். போடலாம், ஓடும். ஆனால் அப்படிப் போட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தரவில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வந்து சேராது. ஹோம் பதிப்பில் ஒவ்வோர் ஆண்டுப் பதிப்புக்கும் ஆதரவு 24 மாதங்கள்தான். ஆக, இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நீங்களே இறங்கி அந்த வேலையைச் செய்ய வேண்டிவரும். இப்படி ஓட்டுவதை நம்பகம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கணினிக்கு லினக்ஸ் நல்ல வாழ்வு தரும்.

கிராக் விண்டோஸ் பற்றி ஒரு வார்த்தை. தார்மீகத்தை விட்டுவிட்டு நம்பகத்தை மட்டும் பேசுவோம். உரிமத்தை ஏமாற்றும் ஆக்டிவேட்டர் நிரலை ஓட்டும்போது, “முதலில் ஆன்டிவைரஸை அணையுங்கள்” என்றே அது கேட்கும். யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலிடம், காவலை விலக்கிவிட்டு, முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம். பிறகு அதே கணினியில் நெட் பேங்கிங் கடவுச்சொல்லைத் தட்டுகிறோம். இதற்குத் தேவையே இல்லாத சூழலிலும் இது நடப்பதுதான் வேதனை. விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில், விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அதே ஹோம் பதிப்பை இறக்கிப் புதிதாக நிறுவினால் தானே அசல் என்று ஏற்றுக்கொள்ளும். ஃபார்மட் அடிக்கக் கொடுக்கும் பலர், சொந்தமாக வைத்திருந்த உரிமத்தை இழந்து, கள்ளப் பதிப்பை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கடையில் கொடுக்கும்போது “ஒரிஜினல் ஹோம் எடிஷன் மட்டும் போடுங்க, ஆக்டிவேட்டர் வேண்டாம்” என்று சொல்லிவிடுங்கள்.

விண்டோஸை நம்பகமாக்குவது

விண்டோஸ்தான் உங்கள் வழி என்றால், அதைப் பழக்கப்படுத்த அரை நாள் ஒதுக்குங்கள். திருத்தங்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாயன்று வெளியாகின்றன. அவற்றை அணைத்துப்போடாதீர்கள், முதல் நாளே விழுந்தடித்துப் போடவும் வேண்டாம். அப்டேட் பக்கத்தில் சில வாரங்களுக்கு நிறுத்திவைக்கும் வசதி இருக்கிறது. ஐந்து வாரம் வரை நீட்டலாம். ஒரு வாரம் தள்ளிப் போட்டால், தவறு இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். புதியவற்றை எல்லாருக்கும் முன்பாகப் பெற ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்தே இருக்கட்டும்.

ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்புக்கு இன்னும் பொறுமை வேண்டும். 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10-இன் ஒரு பெரிய அப்டேட், சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் அழித்துவிட்டது. சில நாள்களில் மைக்ரோசாஃப்ட் அதன் வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில்தான் மறுபடி விட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிறிய பங்கினர் என்று நிறுவனம் சொன்னது உண்மைதான். ஆனால் போன படங்கள் அவர்களுக்கு முழுவதும் போயின. அந்த அக்டோபரில் காத்திருந்தவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. பெரிய அப்டேட் போட்ட பிறகு பிடிக்காவிட்டால் பத்து நாள்களுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியும் விண்டோஸில் இருக்கிறது. அந்தப் பத்து நாளில் உங்கள் முக்கிய மென்பொருள்கள் அனைத்தையும் ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள். சிஸ்டம் ரெஸ்டோர் என்ற மீட்பு வசதி பல லேப்டாப்களில் அணைந்தே வருகிறது. அதைத் தேடி இயக்கிவையுங்கள்.

2024 ஜூலை 19-ஆம் தேதி விமான நிலையங்களிலும் வங்கிகளிலும் நீலத்திரை எழுந்த நாளை நினைவிருக்கலாம். ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் அன்று முடங்கின. கெடுத்தது மைக்ரோசாஃப்டின் அப்டேட் அல்ல. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்பு. இயங்குதளத்தின் அடிமட்டமான கெர்னலுக்குள் அந்த மென்பொருள் உட்கார்ந்திருந்ததால், அது விழுந்ததும் கணினியும் விழுந்தது. அது நிறுவனங்களுக்கான மென்பொருள். வீட்டு லேப்டாப்களில் இருக்காது. ஆனாலும் வீட்டுக்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அடிமட்டம் வரை கை நீளும் மென்பொருள் எவ்வளவு குறைவோ, விண்டோஸ் அவ்வளவு உறுதியாக நிற்கும். புது லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டு வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் வீட்டுக்குப் போதும். “டிரைவர் பூஸ்டர்”, “பிசி கிளீனர்” வகையறா எதுவும் வேண்டாம்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். இன்றைய விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் வட்டு முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுகிறது. லேப்டாப் திருடு போனால் உங்கள் கோப்புகளைக் காப்பது இதுதான். ஆனால் மதர்போர்டு மாற்றினாலோ பயாஸ் அப்டேட் செய்தாலோ, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு ஒரு நீலப் பக்கம் வந்து நிற்கலாம். அந்தச் சாவி பெரும்பாலும், முதல் நாள் நீங்கள் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கடைக்காரர் தன் வசதிக்கு ஏதோ ஒரு மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவரோடு போயிற்று. சாவியை எடுத்துத் தாளில் அச்சிட்டு, பத்திரங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸ்: எதை எடுப்பது

லினக்ஸில் நூற்றுக்கணக்கான விநியோகங்கள் இருப்பதாகச் சொல்லிப் புதியவர்களை மலைக்கவைக்கிறோம். நம்பகம் என்ற ஒரு கேள்வியை வைத்தால் அவற்றில் மிகச் சிலவே மிஞ்சும். பெயர்களை விட்டுவிட்டு, ஒரு விநியோகம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஆர்ச் போன்றவை உருள் வெளியீடுகள். புது நிரல் எழுதப்பட்ட சில நாள்களிலேயே உங்களிடம் வந்துசேரும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு. ஒவ்வொன்றும் சுமார் பதின்மூன்று மாதம் வாழும். உபுண்டுவில் இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் வருபவை நீண்டகால ஆதரவுப் பதிப்புகள். அவற்றுக்கு ஐந்து ஆண்டு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பதே மாதம். டெபியனில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு நிலைப்பதிப்பு வரும். முழு ஆதரவும் நீட்டித்த ஆதரவும் சேர்த்து ஐந்து ஆண்டு. டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். லினக்ஸ் மின்ட் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பின் மேல் கட்டப்படுவது. மின்ட் 22-க்கு 2029 வரை திருத்தம் வரும்.

புதியது என்றால் மேலானது என்று நினைக்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். இயங்குதளத்தில் நான் நேர் எதிராகச் சொல்வேன்: பழைய அரிசிதான் குழையாமல் வேகும். 2024 மார்ச் 29-ஆம் தேதி வெளிப்பட்ட ஒரு சதி இதற்குச் சான்று. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர் பின்வாசல் ஒன்றை ஒளித்துவைத்திருந்தார். கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று சந்தேகப்பட்டு, ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் அதைத் தோண்டி எடுத்தார். அப்போது அந்தப் பதிப்பு டெபியனின் சோதனைக் கிளைகளிலும் ஃபெடோராவின் சோதனை வெளியீடுகளிலும் ஓப்பன்சூசே டம்பிள்வீடிலும் ஏறியிருந்தது. டெபியனின் நிலைப்பதிப்பையும் உபுண்டுவின் வெளியான பதிப்புகளையும் அது எட்டவே இல்லை. மெதுவாக நகர்வதே அவற்றைக் காத்தது.

ஆகவே முதன்முறை லினக்ஸுக்கு வருபவருக்கு நான் கைகாட்டுவது மின்ட். விண்டோஸிலிருந்து வரும் கைக்கு அதன் திரை அந்நியமாக இருக்காது. டைம்ஷிஃப்ட் என்ற கருவி அதனுள்ளேயே வருகிறது. இயங்குதளத்தின் நிலையை நாள்தோறும் படம்பிடித்து வைக்கச் சொல்லிவிட்டால், ஓர் அப்டேட் கெடுத்தாலும் நேற்றைய நிலைக்குச் சில நிமிடங்களில் திரும்பலாம். புதிய கெர்னல் ஒத்துவராவிட்டால், கணினி தொடங்கும்போது பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போகலாம். நான் மேலே கேட்ட மூன்றாவது கேள்விக்கு, வீட்டுப் பயனருக்கு மின்ட் தரும் பதில் விண்டோஸின் பதிலைவிடத் தெளிவானது. 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பிலும் ஓடும். அதற்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். சற்றுப் பழகிய பிறகு, பல ஆண்டு ஒன்றும் மாறாமல் இருந்தால் போதும் என்பவர்கள் டெபியனுக்குப் போகலாம். 12-ஆம் பதிப்பு முதல் வைஃபைக்கு வேண்டிய ஃபர்ம்வேர்களும் நிறுவியிலேயே வருவதால், முன்பிருந்த அலைச்சல் இல்லை.

நிறுவுவதற்கு முன் பென்டிரைவில் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். வட்டில் ஒரு எழுத்தும் மாறாது. வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரையின் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, கேமரா தெரிகிறதா என்று பாருங்கள். கடைசியாக மூடியை மூடி, பத்து நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கி எழுவதில்தான் லினக்ஸ் லேப்டாப்கள் அதிகம் தடுமாறுகின்றன. எழாவிட்டால் அந்த லேப்டாப்புக்கு அந்த விநியோகம் வேண்டாம். கைரேகை உணரி வேலை செய்யாமல் போவதும் சகஜம், அதைத் தாங்கிக்கொள்ளலாம். திங்க்பேட், லாட்டிட்யூட் போன்ற அலுவலக வகை லேப்டாப்களில் பெரும்பாலும் எல்லாமே முதல் முயற்சியில் வேலை செய்யும்.

பென்டிரைவுக்கான கோப்பை அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கியதும் அதன் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிடுங்கள். 2016 பிப்ரவரியில் மின்ட் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, பின்வாசல் வைத்த கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள்.

ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளே விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதான் வந்தன. டெபியனை அடியாகக் கொண்டு சி-டாக் உருவாக்கியது பாஸ். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தொடங்கியதும் விண்டோஸே திறந்ததால், மற்றொன்றைத் தொடாமலே பல மாணவர்கள் கல்லூரி முடித்தார்கள். இரட்டை இயங்குதளத்தில் இன்னொரு சிக்கல், பெரிய அப்டேட்களின்போது தொடக்கப் பட்டியல் குழம்புவது. ஒன்றையே முழுமையாக எடுத்துக்கொள்வதே நம்பகமானது. கற்றுக்கொள்ள ஆசையென்றால் பழைய லேப்டாப் ஒன்றை அதற்கு ஒதுக்குங்கள். தமிழில் வழிகாட்டக் கணியம் மின்னிதழ் இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

மேக், குரோம்புக்

மேக்கில் தேர்வு என்று பெரிதாக ஒன்றுமில்லை. கணினியையும் இயங்குதளத்தையும் ஒரே நிறுவனம் செய்கிறது. ஸ்லீப், டிரைவர் தொல்லைகள் மிகக் குறைவு. பெரிய நிறுவனம் என்பதால் தவறே வராது என்று எண்ண வேண்டாம்: 2017 நவம்பரில், கடவுச்சொல்லே இல்லாமல் ரூட் என்ற பெயரில் நுழைந்துவிடக்கூடிய ஓட்டை ஹை சியரா என்ற மேக் பதிப்பில் வெளிப்பட்டது. ஒரே நாளில் திருத்தினார்கள். பழைய மேக் வாங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இன்டெல் செயலி உள்ள மேக்குகளுக்கு, 2025-இல் வந்த டஹோதான் கடைசிப் பதிப்பு. செகண்ட் ஹேண்ட் என்றாலும் 2020 நவம்பரில் வெளிவந்த எம்1 அல்லது அதற்குப் பிந்தையதையே வாங்குங்கள். விலை குறைவாகக் கிடைக்கும் இன்டெல் மேக்புக் உங்களுக்கு மிச்சமில்லை. விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் வட்டுகளை மேக் படிக்கும், எழுதாது. அதுவும் நினைவிருக்கட்டும்.

உலாவியோடு முடியும் வேலை என்றால் குரோம்புக் மோசமில்லை. 2021 முதல் வந்த மாதிரிகளுக்குப் பத்து ஆண்டு அப்டேட் என்று கூகுள் உறுதி சொல்லியிருக்கிறது. அந்தப் பத்தாண்டு நீங்கள் வாங்கிய நாளில் தொடங்குவதில்லை. அந்த மாதிரி வெளியான காலத்திலிருந்து கணக்கு. பெட்டியில் விலைச்சீட்டைப் பார்ப்பதோடு, அந்த மாதிரியின் முடிவுத் தேதியையும் தேடிப் பாருங்கள்.

பழியை இயங்குதளத்தின் மேல் போடும் முன்

“விண்டோஸ் சரியில்ல, அடிக்கடி ஹேங் ஆகுது” என்று வரும் லேப்டாப்களைத் திறந்தால், பல சமயம் குற்றவாளி உள்ளே சுழன்றுகொண்டிருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10, 11 இரண்டும் சுழலும் வட்டில் தவழும். ஒரு எஸ்எஸ்டி மாற்றினால் அதே கணினி வேறு கணினியாகிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி வட்டின் உடல்நிலையைக் காட்டும். எச்சரிக்கை நிறம் வந்திருந்தால் எந்த இயங்குதளமும் அதைக் காப்பாற்றாது. நினைவகப் பட்டைகளில் பழுதிருந்தால் நீலத்திரை கண்ட நேரத்தில் வரும். விசிறியில் தூசி அடைத்திருந்தால் சூட்டில் அணைந்துபோகும். இவற்றைச் சரிபார்க்காமல் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கும், அதிலிருந்து திரும்ப விண்டோஸுக்கும் அலைபவர்கள் இரண்டின் மேலும் நம்பிக்கை இழக்கிறார்கள்.

இனி என் தீர்ப்பு. உங்கள் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்கிறது, வேலையும் அதைக் கேட்கிறது என்றால் அசல் உரிமத்தோடு அங்கேயே இருங்கள். ஏற்காத லேப்டாப் என்றால், வேலை உலாவியும் எழுத்தும்தான் என்றால், லினக்ஸ் மின்ட் போடுங்கள். வேலையும் விண்டோஸைக் கேட்கிறது, கணினியும் ஏற்கவில்லை என்றால், பைபாஸுக்கும் கிராக்குக்கும் செலவழிக்காமல், எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி உள்ள செகண்ட் ஹேண்ட் அலுவலக லேப்டாப் ஒன்றைப் பாருங்கள். எதை எடுத்தாலும், நிறுவும் முன் ஒரு வெளி வட்டு வாங்கி உங்கள் கோப்புகளைப் பிரதி எடுங்கள். எடுத்த பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகே நிறுவும் பொத்தானைத் தொடுங்கள்.